விருந்து படைத்த சித்திரக்காரி

கல்யாண வீடுகளில் பந்தி நடக்கும் விதம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். விடிவதற்கு முன் எழுந்து, காய் நறுக்கி, அரைத்து, கரைத்து, அடுப்பின் முன் வெந்து நின்ற பெண்மணிகள் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். அதற்குள் பாயசம் அடி மண்டியாகியிருக்கும். அப்பளம் நமுத்துப் போயிருக்கும். மறுநாள் ஊரார் விருந்தைப் பற்றிப் பேசும்போது, "சாம்பசிவ ஐயர் வீட்டு விருந்து பிரமாதம்!" என்பார்கள். சாம்பசிவ ஐயர் அன்று செய்த வேலையெல்லாம் வாசலில் நின்று சந்தனம் கொடுத்ததுதான்.

இந்த வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று யாரும் எண்ணவேண்டாம். அமெரிக்கா தேசத்துச் சித்திரக்காரி ஒருவர் இதே விஷயத்தை எண்ணி எண்ணிப் பார்த்து, 1974 முதல் 1979 வரை 5 வருஷ காலம் பாடுபட்டு, ஒரு பெரும் பந்தி போட்டார். சரித்திரத்தில் நூல் எழுதியும், நாடாண்டும், நோய் தீர்த்தும், நக்ஷத்திரங்களை ஆராய்ந்தும், பின்னர் மறக்கப்பட்டுப் போன ஸ்திரீகளுக்காகவே போட்ட பந்தி அது. அதைப் படைத்தவரின் பெயர் ஜூடி சிகாகோ.

அந்த அம்மையாரின் வாழ்நாள் வேலை அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் திரட்டி, ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் கோல்டன் கேட் பூங்காவிலுள்ள டி யங் மியூஸியத்தில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். 2021-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி திறந்து, 2022 ஜனவரி 9-ந் தேதி வரை அது நடந்தது. அதற்கு முந்திய வருஷமே நடந்திருக்க வேண்டியது; உலகத்தையே வீட்டுக்குள் பூட்டிவைத்த பெருந்தொற்றினால் தள்ளிப் போயிற்று. சித்திரங்கள், அச்சுப் படங்கள், பீங்கான் வேலை, சிற்பம் என்று ஏறத்தாழ 130 பொருள்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. ஒரு கலைஞரின் ஆரம்பம் முதல் அன்றுவரை உள்ள வேலையை வரிசையாகக் காட்டும் இத்தகைய காட்சி, மேல்நாட்டுக் கலைஞர்களுக்குப் பெரிய கௌரவம். அந்தக் கௌரவம் ஜூடி சிகாகோவுக்கு முதன் முதலாகக் கிடைத்தபோது அவருக்கு வயது 82!

82 வயது வரையில் ஏன் காத்திருக்க வேண்டி வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் காண வேண்டுமானால் அவருடைய வாழ்க்கையைச் சற்றுப் பின்தொடர்ந்து போக வேண்டும்.

பெயர் வந்த கதை

1939-ம் வருஷம் ஜூலை 20-ந் தேதி, சிகாகோ நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜூடித் ஸில்வியா கோஹென். தகப்பனார் ஆர்தர் கோஹென் தொழிலாளர் சங்கங்களில் ஈடுபட்டவர்; பொது உடைமைக் கொள்கையில் பற்றுள்ளவர். ஆணும் பெண்ணும் சமம் என்ற பேச்சு அந்த வீட்டில் சாதாரணப் பேச்சு. தாயார் வெளியே வேலைக்குச் சென்று சம்பாதித்தவர். குழந்தை ஐந்து வயதிலேயே சிகாகோ கலைக் கழகத்தில் சித்திர வகுப்புக்குச் செல்லத் தொடங்கிவிட்டாள். தகப்பனார் அவளுடைய பதின்மூன்றாவது வயதில், 1953-ல் காலமானார். "நீ பெண், உன்னால் ஆகாது" என்று அவர் மகளிடம் ஒரு போதும் சொன்னதில்லை. அதை வெளி உலகம் சொன்னபோதுதான் மகளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரத்துக் காலிபோர்னியா சர்வகலாசாலையில் அவர் சேர்ந்தார். அங்கே ஐரோப்பிய சிந்தனைச் சரித்திரம் போதித்த பேராசிரியர் ஒருவர், "பெண்கள் செய்த தொண்டைப் பற்றிக் கடைசி வகுப்பில் சொல்கிறேன்" என்று வாக்களித்திருந்தாராம். கடைசி வகுப்பும் வந்தது. "பெண்கள் செய்தது ஒன்றுமே இல்லை" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்! இந்தச் சம்பவத்தை அம்மையார் பிற்காலத்தில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். வகுப்பில் ஓர் உபாத்தியாயர் அலட்சியமாகச் சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு மாணவியின் உள்ளத்தில் எத்தனை வருஷம் எரிந்துகொண்டிருக்கும் என்பதை என்னைப் போன்ற உபாத்தியாயர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1961-ல் அவருக்கு விவாகம் நடந்தது. 1963-ல் மோட்டார் விபத்தில் கணவர் இறந்தார். 23 வயதில் விதவையான அந்தப் பெண் பட்டறைக்குத் திரும்பி வந்து வேலையில் மூழ்கினாள். 1964-ல் உயர்பட்டம் கிடைத்தது.

தகப்பனார் பெயர் ஒன்று, புருஷன் பெயர் ஒன்று என்று இரண்டு பெயர்களைத் தாங்கிய பிறகு, 1970-ல் அவர் ஒரு காரியம் செய்தார். ஆண்களின் ஆதிக்கத்தால் தம்மீது ஏற்றப்பட்ட பெயர்களையெல்லாம் துறந்துவிட்டதாகவும், "ஜூடி சிகாகோ" என்பதே இனித் தாம் தேர்ந்துகொண்ட பெயர் என்றும் ஒரு கலைப் பத்திரிகையில் விளம்பரம் வெளியிட்டார். அவருடைய பேச்சில் சிகாகோ நகரத்து வாடை பலமாக வீசியதால் நண்பர் ஒருவர் முன்பே வேடிக்கையாக இட்ட பெயர்தான் அது. இன்னொரு விளம்பரத்தில் குத்துச் சண்டைக்காரர் உடையும் கையுறையும் அணிந்து, சண்டை மேடையில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். பார்த்தவர்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் சினந்தார்கள். ஆனால் பெயரை யாரும் மறக்கவில்லை.

மோட்டார்ப் பட்டறையில் ஒரு பெண்

காலிபோர்னியாவில் அக்காலத்தில் கலைஞர்கள் என்றால் ஆண்கள் என்றே அர்த்தம். அவர்கள் மோட்டார் வண்டிகளைப் பற்றியும், யந்திரங்களைப் பற்றியும், பளபளப்பான சாயங்களைப் பற்றியும் பேசினார்கள். "அப்படியா சங்கதி!" என்று ஜூடி அம்மையார் மோட்டார் வண்டிகளுக்குச் சாயம் பூசும் வேலையைக் கற்பிக்கும் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். சுற்றிலும் ஆண்பிள்ளைகள், நடுவில் இவர் ஒருவர்தான் பெண். சாயத்தைக் காற்றழுத்தத்தால் தெளித்து, தூரிகையின் தடமே தெரியாமல் ஒரு பரப்பில் ஒட்டும்படி செய்யும் வித்தையை அங்கே கற்றுக்கொண்டார். மோட்டார் வண்டியின் முன் மூடியையே பலகையாகக் கொண்டு, பெண்மையைக் குறிக்கும் வளைந்த உருவங்களைத் தீட்டினார். இரும்புத் தகட்டின் மேல் மலர் பூத்தது போன்ற அந்தச் சித்திரங்கள் ஆசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை.

பெண்மையின் அடையாளமே இல்லாத வேலையையும் அவரால் செய்ய முடியும் என்று காட்டியது 1965-ல் செய்த ஒரு சிற்பம். ஆறு பெரிய தூலங்கள். ஒன்றைவிட ஒன்று சிறியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்மையான வர்ணம். எல்லாம் சுவரில் சாய்ந்து நிற்கும். 1966-ல் நியூயார்க்கிலுள்ள யூத மியூஸியத்தில் நடந்த பிரசித்தி பெற்ற சிற்பக் காட்சியில் இது இடம் பெற்றது.

1968-ல் தொடங்கி இன்னொரு புதுமை செய்தார். வாண வேடிக்கைக்காரர்களின் வித்தையைக் கற்று, பாலைவனத்திலும் கடற்கரையிலும் வர்ணப் புகையை எழுப்பினார். அந்நாளில் அமெரிக்கக் கலைஞர்கள் சிலர் பெரும் யந்திரங்களைக் கொண்டு பூமியை வெட்டியும் தோண்டியும் கலை செய்துகொண்டிருந்தார்கள். இவருடைய புகையோ சற்று நேரம் மலைச் சரிவை ஊதாவாகவும் மஞ்சளாகவும் மாற்றிவிட்டுக் காற்றோடு கலந்து போகும். புகைப்படமும் சலனப்படமும்தான் மிச்சம். டி யங் மியூஸியத்துக் காட்சியின் போதும், 2021 அக்டோபர் 16-ந் தேதி மியூஸியத்தின் எதிரே ஜனங்கள் திரண்டிருக்க, 82 வயது மூதாட்டி மீண்டும் ஒரு முறை வானத்தில் வர்ணப் புகையை எழுப்பிக் காட்டினார்.

மாதர் வீடு

1970-ல் காலிபோர்னியாவில் பிரெஸ்னோ என்ற ஊர்க் கலாசாலையில் அவர் 15 மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு வகுப்பு தொடங்கினார். பெண்களுக்கு, பெண்களின் அனுபவத்தையே பொருளாகக் கொண்டு கலை கற்பிக்கும் வகுப்பு அமெரிக்காவில் அதுவே முதல். மாணவிகளுக்கு அவர் கொடுத்த முதல் பாடம் சித்திரம் வரைவதன்று. ஒரு பழைய கட்டிடத்தைத் தாங்களே பழுது பார்த்துப் பட்டறையாக்குவது. சுத்தியலும் ரம்பமும் கையில் பிடித்தறியாத பெண்கள் சுவர் எழுப்பினார்கள். கை காய்த்த பிறகு கலை தானே வரும் என்பது அவர் கட்சி.

அடுத்த வருஷம், மிரியம் ஷபீரோ என்ற சித்திரக்காரியுடன் சேர்ந்து, காலிபோர்னியா கலைக் கழகத்தில் இந்த வகுப்பை நடத்தினார். அதன் பலனாக 1972 ஜனவரி கடைசியில் ஹாலிவுட்டில் ஒரு வீடு திறக்கப்பட்டது. இடிக்கப்படுவதற்காகக் காத்திருந்த பாழடைந்த மாளிகை அது. மாணவிகள் கண்ணாடி பொருத்தி, வர்ணம் அடித்து, ஒவ்வோர் அறையையும் ஒரு கலைப் பொருளாக்கிவிட்டார்கள். அதற்கு "மாதர் வீடு" என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள்.

அந்த வீட்டில் துணி அடுக்கும் அலமாரி ஒன்று. அதைத் திறந்தால் மடித்து வைத்த விரிப்புகளுக்கிடையே ஒரு பெண்ணின் பொம்மை. அலமாரியின் பலகைகள் அவள் உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து நிற்கும்! அடுக்கி அடுக்கியே ஆயுளைக் கழித்தவளை அலமாரியே விழுங்கிவிட்டது போலத் தோன்றும். சமையலறைச் சுவரில் பொரித்த முட்டைகள் படிப்படியாகப் பெண்ணின் மார்பகங்களாக மாறின. மாடிப்படியில் மணப்பெண் ஒருத்தி நின்றாள். கூடத்தில் ஒரு மாணவி ஆடிக்கொண்டே உட்கார்ந்து, பிறந்தது முதல் சாகும் வரையில் ஒரு பெண் எதற்கெல்லாம் காத்திருக்கிறாள் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லி நடித்தாள். பார்க்க வந்த குடும்பப் பெண்களில் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. ஒரு மாதம் நடந்த பிறகு வீடு இடிக்கப்பட்டுவிட்டது. கலைச் சரித்திரத்தில் மட்டும் அது இன்னும் நிற்கிறது.

அந்நாளின் நிலைமையைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அருமை விளங்கும். அமெரிக்கக் கலாசாலைகளில் பாட புத்தகமாக வழங்கிய ஜான்ஸனின் கலைச் சரித்திரம் 1962-ல் வெளிவந்தது. அதில் ஒரு பெண் கலைஞரின் பெயர் கூட இல்லை. 1971-ல் லிண்டா நாக்லின் என்ற பேராசிரியை, மகத்தான பெண் கலைஞர்கள் ஏன் தோன்றவில்லை என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணுக்குத் திறமை இல்லை என்று அவர் முடிவு கட்டவில்லை. மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்புகளில் பல நூற்றாண்டுகளாகப் பெண்களை அனுமதிக்கவில்லை. அந்தப் பயிற்சி இல்லாமல் பெரிய சித்திரம் எழுத முடியாது. கதவைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன் உள்ளே வரவில்லை?" என்று கேட்பது போன்றது அல்லவா இது?

பந்தியும் பங்கினரும்

இனி அந்தப் பெரும் விருந்துக்கு வருவோம்.

முக்கோண வடிவில் ஒரு மேஜை. ஒவ்வொரு பக்கமும் 48 அடி நீளம். பக்கத்துக்கு 13 பேர் வீதம் 39 பேருக்கு இடம். இயேசுநாதரின் கடைசி இராப்போஜனச் சித்திரத்தில் அமர்ந்திருப்பவர் 13 பேர். அவர்கள் அனைவரும் ஆண்கள். அந்த உணவைச் சமைத்தவர்களின் கண்கொண்டு பார்த்தால் அந்தச் சித்திரம் எப்படி இருக்கும் என்பதே அம்மையார் எழுப்பிய கேள்வி. ஒவ்வோர் இடத்திலும் ஒரு பீங்கான் தட்டு, ஒரு கிண்ணம், அதன் கீழ் ஒரு பூவேலைத் துணி. துணியில் அந்தப் பெண்ணின் பெயரும், அவள் காலத்துத் தையல் முறையிலேயே அமைந்த வேலைப்பாடும் இருக்கும்.

விருந்தாளிகள் யார் யார்? எகிப்தை ஆண்ட ஹாட்ஷெப்ஸூட். அலெக்ஸாண்டிரியா நகரத்துத் தத்துவஞானி ஹைபேஷியா. இத்தாலியச் சித்திரக்காரி ஆர்டிமீஷியா ஜெண்டிலெஸ்கி. வால் நக்ஷத்திரங்களைக் கண்டுபிடித்த கரோலின் ஹெர்ஷெல். பெண்ணுரிமைக்கு வாதாடிய மேரி வுல்ஸ்டன்கிராப்ட். அமெரிக்காவில் முதல் பெண் டாக்டராகப் பட்டம் பெற்ற எலிஸபெத் பிளாக்வெல். கவி எமிலி டிக்கின்ஸன். கதாசிரியை வர்ஜீனியா வுல்ப். ஹெர்ஷெலின் தட்டின் நடுவே ஒரு கண். சங்கீத வித்வாம்ஸினி ஈதெல் ஸ்மித்துக்குப் பியானோ வாத்தியமே தட்டு. வுல்ஸ்டன்கிராப்டின் துணியில், பிரசவத்தின் விளைவாக அவர் உயிர் துறந்த காட்சி நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. பழைய காலத்துத் தட்டுகள் தட்டையாக இருக்கும். காலம் நெருங்க நெருங்க அவற்றிலுள்ள உருவங்கள் மெல்ல எழும்பி, கடைசிப் பக்கத்தில் தட்டை விட்டுப் பறந்து போக முயல்வன போல் நிற்கும்.

மேஜையின் கீழே வெள்ளைப் பீங்கான் ஓடுகள் பரப்பிய தரை. அதில் மேலும் 999 பெயர்கள் பொன் மையால் எழுதப்பட்டிருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த 999 பேரில் ஒருவர் ஆண் என்று பிற்பாடு தெரியவந்தது! கிரேக்க சிற்பி கிரெஸிலாஸ் என்பவரைப் பெண் என்று நினைத்துச் சேர்த்துவிட்டார்கள். ஆண்கள் எழுதிய சரித்திரங்களில் எத்தனையோ பெண்கள் விடுபட்டுப் போயிருக்கும்போது, பெண்கள் எழுதிய தரையில் ஓர் ஆண் புகுந்துவிட்டதைப் பெரிய குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை.

பீங்கானில் சித்திரம் எழுதுவது சுலபமான காரியமன்று. பளபளப்பு ஏறிய தட்டின் மேல் எண்ணெயில் குழைத்த சாயத்தைத் தீட்டிச் சூளையில் வைக்க வேண்டும். மறுபடி தீட்டி மறுபடி சுட வேண்டும். ஒவ்வொரு சூட்டிலும் தட்டு வெடித்துவிடக் கூடும். பல வார உழைப்பு ஒரு நொடியில் ஓடாகிவிடும். இந்த வித்தையை அம்மையார் கற்றுக்கொண்டது பெரிய கலாசாலைகளில் அல்ல. பொழுதுபோக்காகக் கோப்பைகளில் ரோஜாப்பூ எழுதிக்கொண்டிருந்த குடும்பப் பெண்களிடம். "இது கலை அல்ல, கைவேலை" என்று மியூஸியங்கள் ஒதுக்கிய வித்தைகள் பீங்கான் எழுத்தும் பூந்தையலும். அவற்றையே எடுத்து மியூஸியத்தின் நடுக்கூடத்தில் வைத்ததுதான் இந்த விருந்தின் விசேஷம். ஏறத்தாழ 400 பேர் இதில் கை கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அநேகர் ஊதியமின்றி உழைத்தவர்கள்.

வசையும் வாழ்த்தும்

1979 மார்ச்சு 14-ந் தேதி இந்த விருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவின் நவீன கலை மியூஸியத்தில் திறக்கப்பட்டது. மூன்று மாதத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். அப்படியும், அடுத்தபடியாகக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்த மியூஸியங்கள் பின்வாங்கிவிட்டன. மேஜையும் தட்டுகளும் பெட்டிகளில் கிடந்தன. பிறகு ஹூஸ்டன் முதலிய ஊர்களில் ஜனங்களே பணம் திரட்டி அதை வரவழைத்தார்கள். அவ்விதம் 6 தேசங்களில் சுமார் பத்து லட்சம் பேர் பார்த்தார்கள்.

எதிர்ப்புக்குக் காரணம் என்ன? பெரும்பாலான தட்டுகளில் அம்மையார் தீட்டியிருப்பது, வண்ணத்துப்பூச்சி போலவும், மலர் போலவும், அதே சமயத்தில் பெண்ணின் ஜனன உறுப்பைப் போலவும் தோன்றும் ஒரு வடிவம். இதைச் சொல்லாமல் மறைத்து அவருடைய கலையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. நியூயார்க்கின் பிரபல விமர்சகர் ஒருவர் அதை ரசனையற்ற வேலை என்று கண்டித்தார். 1990-ல் அம்மையார் இந்தப் படைப்பை வாஷிங்டனிலுள்ள ஒரு சர்வகலாசாலைக்கு நன்கொடையாகக் கொடுக்க முன்வந்தபோது, அமெரிக்கப் பிரதிநிதி சபையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. ஆபாசம் என்று அங்கத்தினர்கள் முழங்கினார்கள். அம்மையார் நன்கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கடைசியில், எலிஸபெத் ஸாக்லர் என்ற சீமாட்டியின் உதவியால், நியூயார்க்கின் புரூக்ளின் மியூஸியத்தில் 2007-ல் அதற்கு நிரந்தரமான இடம் கிடைத்தது.

கண்டித்தவர்கள் எல்லோரும் பெண்களின் விரோதிகள் என்று நினைத்துவிடக் கூடாது. அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு வந்து மேடை ஏறி முழங்கிய கறுப்பினத்து வீராங்கனை ஸோஜர்னர் ட்ரூத்தின் தட்டில் மட்டும் ஏன் மூன்று முகங்கள்? மற்றப் பெண்களுக்கு அளித்த வடிவத்தை அவளுக்கு ஏன் அளிக்கவில்லை? கறுப்பினத்துப் பெண்ணை முழுப் பெண்ணாக நினைக்கத் தயக்கமா? எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் போன்றவர்கள் எழுப்பிய இந்த ஆட்சேபம் கனமானது. பெண்ணின் பெருமையை உடலின் ஓர் அங்கத்தைக் கொண்டு குறிப்பது சரிதானா என்று கேட்ட பெண்களும் உண்டு. அவளை வெறும் உடலாகப் பார்த்தவர்களை எதிர்த்தல்லவா போராட்டம் தொடங்கிற்று?

நமக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த 39 பேரில் பாரத நாட்டிலிருந்து அழைக்கப்பட்டிருப்பது ஒருவரே. அவர் யார் தெரியுமா? சாக்ஷாத் காளிதேவி! தேவியை அழைத்ததில் நமக்குப் பெருமைதான். ஆயினும், இந்த மண்ணில் பிறந்து, வாழ்ந்து, மாண்ட ஒரு மனுஷிக்கு அந்த மேஜையில் இடம் இல்லை. பெண்ணைத் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டு, பந்தியில் இடம் போடாமலிருப்பது நமக்குப் பழக்கமான வித்தை. அமெரிக்காவிலும் அதே நடந்துவிட்டதைக் கண்டால் சிரிப்புத்தான் வருகிறது.

ஒரு மேஜையும் மற்றவையும்

டி யங் மியூஸியத்துக் காட்சிக்கு அந்த மேஜை வரவில்லை. புரூக்ளினில் அது நிலைநாட்டப்பட்டுவிட்டது. அதற்காகத் தீட்டிய வரைபடங்களும் மாதிரித் தட்டுகளுமே இங்கே இருந்தன. ஒரு விதத்தில் இது நல்லதாயிற்று. ஒரே ஒரு படைப்பின் புகழும் வசையும் மலை போல் எழுந்து நின்று, அதன் பின்னாலிருந்த 40 வருஷ வேலையை மறைத்துவிட்டிருந்தது. மலையைச் சற்று அப்பால் வைத்ததும் பின்னாலிருந்த ஊர் தெரிந்தது.

அங்கே தெரிந்தவை என்ன? 1980 முதல் 1985 வரை செய்த பிரசவ வரிசை ஒன்று. மேல்நாட்டுச் சித்திரங்களில் யுத்தங்களுக்கும் மரணங்களுக்கும் கணக்கில்லை. மனிதன் பிறக்கும் காட்சி மட்டும் அபூர்வம். அந்தக் குறையைத் தீர்க்க அம்மையார் உருவங்கள் வரைந்தார். 150-க்கு மேற்பட்ட பெண்கள் தத்தம் வீடுகளில் இருந்தபடியே அவற்றைப் பூந்தையலாகவும் நெசவாகவும் ஆக்கினார்கள். 1982 முதல் 1987 வரை, அதிகாரம் ஆண்மக்களின் முகத்தையும் உடலையும் எப்படிக் கோணலாக்குகிறது என்பதைச் சித்திரித்தார். பிறகு தம் கணவரும் புகைப்படக்காரருமான டொனால்ட் வுட்மனுடன் சேர்ந்து, ஐரோப்பாவில் நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த கொடுமையைப் பற்றி 8 வருஷம் உழைத்தார்; 1993-ல் அது வெளிவந்தது. வயது எண்பதை நெருங்கியபோது எடுத்துக்கொண்ட விஷயம் மரணம். தம்முடைய சாவையும், மனிதனால் அழிந்து போகும் விலங்குகளின் சாவையும் கறுப்புக் கண்ணாடியிலும் பீங்கானிலும் தீட்டினார்.

காட்சியை அமைத்தவர்கள் இவற்றையெல்லாம் தலைகீழாக வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் எதிர்ப்படுவது முதுமையும் மரணமும். போகப் போக வயது குறையும். இறுதியில் வர்ணத் தூலங்களும் மோட்டார்ப் பட்டறையில் கற்ற சாயமும். இளமையில் செய்ததை முதுமை எப்படி மறக்காமல் வைத்திருந்தது என்பதை இவ்விதம் பார்ப்பவர் அறிந்துகொள்ளலாம். தெளித்த சாயத்தில் ஒரு வர்ணம் இன்னொன்றில் கரையும் வித்தை, தூலத்திலும் தட்டிலும் சாவுச் சித்திரத்திலும் ஒரே கையெழுத்தாக ஓடுகிறது.

நம் நாட்டுக் கைகளும் அவர் வேலையில் சேர்ந்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். 2020 ஜனவரியில் பாரிஸ் நகரத்தில் ஓர் ஆடை அலங்காரக் காட்சிக்காக, பெண்கள் உலகை ஆண்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை மையமாக வைத்து அவர் பெரிய கொடிச்சீலைகளை வகுத்தார். அவற்றில் பூந்தையல் போட்டவர்கள் மும்பையிலுள்ள சாணக்யா கைத்தொழிற் பள்ளியில் பயின்ற பெண்கள். தமிழ்நாட்டு வீடுகளிலும் இந்தத் திறமைக்குக் குறைவில்லை. பாட்டி பின்னிய கூடை, அத்தை போட்ட பூத்தையல், அம்மா வைத்த கோலம் என்று வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அவற்றில் எதிலாவது போட்டவர் பெயர் இருக்கிறதா?

ஜூடி சிகாகோ தம் விருந்துடன் கூடவே, உழைத்தவர்களின் பெயர்களையும் படங்களையும் தனிப் பலகைகளில் வைத்தார். பிரசவ வரிசையில் ஒவ்வொரு சீலைக்கும் அருகில் தைத்தவரின் பெயர் குறிக்கப்பட்டது. ஊதியமின்றி வேலை வாங்கினார் என்ற குறை அவர்மீது உண்டு. அது முற்றிலும் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை. ஆனால் பெயரை விழுங்கினார் என்று யாரும் சொல்ல முடியாது.

1979-ல் ஒரு லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்த அதே ஸான் பிரான்ஸிஸ்கோவில்தான் 2021-ல் இந்த வாழ்நாள் காட்சியும் நடந்தது. இடையில் 42 வருஷம். ஜனங்கள் உடனே கண்டுகொண்டதை மியூஸியங்கள் கண்டுகொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று. 2023-ல் நியூயார்க்கின் நியூ மியூஸியமும், 2024-ல் லண்டன் ஸெர்பென்டைன் கலைக்கூடமும் அவருக்குப் பெரிய காட்சிகள் நடத்தின. அவர் நீண்ட ஆயுளுடன் இருந்ததனால் இவற்றைக் கண்ணால் கண்டார். அறுபது வயதிலேயே அவர் காலமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படிக் காணாமலே மறைந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அவர் வீட்டுத் தரையிலேயே 998 சாக்ஷிகள் இருக்கின்றன.

நேயர்கள் வீட்டிலும் இதற்கு ஒரு சிறு கைங்கரியம் செய்யலாம். விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டி உட்காரவைத்து, அவர்களுடைய பாட்டி, கொள்ளுப்பாட்டியின் பெயர்களையும், அவர்கள் எதில் கை தேர்ந்தவர்கள் என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயரும் உத்தியோகமும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கொள்ளுப்பாட்டியின் பெயர் யாருக்காவது தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.